மாப்பிள்ளைக் கோட்டும் மோட்டரின் உதையும்

"என்ட கல்யாணத்தண்டைக்கு மாமாட லாஞ்சில ஒரு பேணித் தண்ணி கையால இறைக்கத் தேவையில்ல. குடிச்சதையெல்லாம் அது தன்ட பாட்டில துப்பிப்போடும்!"

எழுபத்தொன்பதாம் ஆண்டில், ரேடியோ திருத்துகிற அபூதாஹிர் திருகோணமலை இறங்குதுறையில் நின்று இப்படிச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கக்கூட இல்லை. பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா? குடாவைக் கடந்து மூதூருக்கு ஆளேற்றிப் போகும் அந்த மோட்டர்ப் படகின் ஓட்டை ஊரறிந்தது. பாரை மீன்கள் டிக்கெட் எடுக்காமல் உள்ளே ஏறி மூதூரில் இறங்கிப் போகும்.

லாஞ்சுக்காரர் அலியார், கல்யாணப் பெண்ணின் தாய்மாமன்.

"சரி மருமகன். பம்ப் நிண்டா, கோட்டும் தலைப்பாகையுமா நீதான் குந்தியிருந்து இறைக்கோணும். பொம்புள வீட்டார் துறையில நிண்டு பார்க்கட்டும்."

அபூதாஹிரின் ஏற்பாடு இதுதான்: லாஞ்சின் உள்ளே, அடிப்பலகைக்குச் சற்று மேலே இரண்டு ஆணி. தண்ணீர் இரண்டையும் தொட்டால், கடலைப்பருப்பளவு டிரான்சிஸ்டர் ஒன்று பம்ப் மோட்டரை ஓடவிடும், வற்றினால் நிறுத்தும். ஆனால் மோட்டர் ஒருதரம் நின்றதும் டிரான்சிஸ்டர் மௌத்து, உயிர் போய்விடும்! இப்படியே மூன்று போயிற்று.

"அடக்கம் எப்ப?" என்று அலியார் ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள், காரணம் பிடிபடாத எரிச்சலில், ஓடிக்கொண்டிருந்த மோட்டரின் வயரைப் பட்டரியிலிருந்து வெறுங்கையால் பிடுங்கினான் அபூதாஹிர். விரலில் விழுந்தது ஓர் உதை! துள்ளிய துள்ளலில் கோணேசர் மலை உச்சிக்கே போயிருப்பான். லாஞ்சின் கூரைதான் மறித்தது.

"பன்னிரண்டு வோல்ட்டுக்கா இந்தக் கூத்து?"

"பட்டரி இல்ல மாமா, மோட்டர்தான் உதைச்சது. நிப்பாட்டின கோவம்! எனக்கே இப்படியெண்டா, அந்தக் கடலைப்பருப்பு தாங்குமா?"

உடனே மோட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, நெல்மணி போன்ற ஒரு டயோட்டை ஈயம் வைத்து ஒட்டினான். அது ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு. பட்டரி தள்ளும்போது மூடியிருக்கும். மோட்டர் உதைத்தால் திறந்து, உதையை மோட்டருக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்கிவிடும். கடைசி டிரான்சிஸ்டரையும் பொருத்தினான். அது செத்தால் வேறு இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரோடு லாஞ்ச் மூதூருக்குப் போகையில், நடுக்கடலில் தண்ணீர் ஆணிகளைத் தொட்டது. பம்ப் ஓடியது. லாஞ்சே குரவையிட்டது. மாப்பிள்ளை மட்டும் வேர்த்து வழிந்தான். ஓடுவது பெரிய காரியமா? நின்றபிறகு மறுபடி ஓடவேண்டுமே!

பம்ப் நின்றது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. அலியார் தண்ணீர் இறைக்கிற தகரப் பேணியைத் துடைத்து நீட்டினார்.

"கோட்டைக் கழட்டாத மருமகன். அழகா இரிக்கி."

தண்ணீர் ஆணிக்கு ஒரு விரல் கீழே. அரை விரல். அபூதாஹிர் பேணியை வாங்கிக் குந்தினான். வேடிக்கையை நன்றாகப் பார்க்க, அலியார் சுக்கானை ஆளிடம் கொடுத்துவிட்டுப் பம்ப் குழாயின் வாய்க்கு நேரே வந்து நின்றார்.

பம்ப் இருமியது. பிறகு துப்பியது. கொட்டியார் குடா முழுவதும் அவர் நெஞ்சில்தான் விழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூதூர் துறையில் மாப்பிள்ளை காய்ந்த கோட்டோடு இறங்கினான். பின்னால், சொட்டச் சொட்ட மாமா.

அலியாரின் தங்கை, பெண்ணின் தாய் பரீதா, வாயில் கைவைத்தாள். "என்ன காக்கா, மழையுமில்ல! லாஞ்ச் தன்ட பாட்டிலயே இறைச்சதெண்டு மருமகன் சொல்றார். மெய்யா?"

அலியார் தாடியைப் பிழிந்தார்.

"ஓம் புள்ள, மெய்தான். ரெண்டாந்தரமும் ஓடினது."