அடியில் இருந்த கை

பகலவன் மேற்கே இறங்கத் தலைப்பட்ட பொழுது அது. நெருங்கி நின்ற மாடிவீடுகளுக்கு இடையே வாய்க்கால்போல் வளைந்து சென்ற அத்தெருவில், வெயில் கீழிருந்து மேலாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. முதலில் கடைகளின் வாயிற்படிகளை விட்டு நீங்கி, பெயர்ப்பலகைகளின்மேல் சற்றே தங்கி, ஈரத்துணிகள் அசையும் கொடிகளைக் கடந்து ஏறி, பிரிய மனமில்லாத உறவினர் வாயிலிலேயே நின்று பேசுவதுபோல, மூன்றாம் மாடியின் ஒரு சாளரத்தில் வந்து நின்றது. கீழே இரும்புக் கதவுகளை இழுத்து மூடும் ஓசையும், பணி முடிந்து திரும்புவோரின் காலடியும், எவரோ எவரையோ பெயர் சொல்லி அழைக்கும் குரலும் ஒன்றோடொன்று கலந்து எழுந்தன. மேலே அவ்வறையிலோ ஓசையென்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை.

அவ்வறையின் கட்டிலில் ஒருத்தி சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தாள். நோயின் கொடுமை நீங்கி, நோயாளி என்னும் பெயர் மட்டும் நீங்காதிருந்த காலம் அது. நெடுங்காய்ச்சலொன்று அவளை வந்து பற்றி, எலும்பு வரை வாட்டி, ஒருநாள் தானாகவே தணிந்தது. தணியும்போது அவளுடைய பத்து விரல் நுனிகளின் உணர்வையும் உடன் கொண்டுபோயிற்று. விரல்கள் மடங்கின, நீண்டன, பற்றின. ஆனால் பற்றியது பஞ்சா பாறையா என்பதை அவை அறிந்தில. உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், நுண்ணிய வேலை கொடுத்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். அந்த 'லாம்' என்னும் மெல்லிய கொடியைப் பற்றிக்கொண்டுதான் அவள் நாள்தோறும் கண்விழித்தாள்.

வேறொருத்தியாயின் இவ்விழப்பைத் தாங்கியும் வாழ்ந்திருக்கலாம். இவளோ குருதி ஆய்வுக்கூடமொன்றில் பிறர் கையிலிருந்து குருதி எடுப்பவள். முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, கையை இறுக மூடச் சொல்லி, தன் கண்களை மூடிக்கொண்டு, தோலின்மேல் ஒற்றைவிரலை மெல்ல ஓட்டுவாள், ஆழத்தில் ஒளிந்திருக்கும் நாளம் அவ்விரலின்கீழ் துள்ளும், ஊசி இறங்கும், இறங்கியதை உரியவரும் அறியார். நால்வர் குத்தியும் கிட்டாத நாளத்தை அவள் ஒரே தொடுதலில் கண்டெடுத்த நாள்கள் பல. உடன் பணியாற்றுவோர் அவளுக்குக் 'கொசு' என்று பெயரிட்டிருந்தனர். அவளுக்கு அப்பெயரின்மேல் சினமில்லை. உள்ளூரப் பெருமையே இருந்தது. தொடுதலால் உண்டு, தொடுதலால் உடுத்து, தொடுதலால் ஒருவராக மதிக்கப்பட்டவளிடமிருந்து தொடுதலைப் பறித்துவிட்டால் எஞ்சுவது யார்? சுவரை நோக்கி அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதுவே.

கதவு தட்டப்படாமலே திறந்தது. உள்ளே வந்தவள் அவள் கணவனின் தமக்கை. இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவுநாடாவும் நாவில் ஊசியும் எப்போதும் உடையவள். கையிலிருந்த சாக்கைக் கட்டிலின்மேல் கவிழ்த்தாள். வண்ணத்துண்டுகள் சரிந்து கொட்டின.

"இந்தா, கடையில கூட்டிப் பெருக்குனது. குப்பைக்காரனுக்குப் போட்டா மூஞ்சியச் சுளிக்கிறான். நீயும்தான் சுளிப்பே. ஆனா அவனுக்கு வேலை இருக்கு, நீ சும்மா உக்காந்திருக்கே."

"எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"எதுக்கா? நீ பாத்துப் பாத்துச் சுவரே தேஞ்சு போச்சு. டாக்டர் விரலுக்கு வேலை குடுக்கச் சொன்னாரில்ல? ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைச்சுப் பழகு. ஊரார் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சின கை, கொஞ்சம் உன் ரத்தத்தையும்தான் பாக்கட்டுமே."

அப்போர்வையின் அமைப்பு எளிது: மேலே துண்டுகளை இணைத்த முகம், நடுவே பஞ்சின் மென்படலம், அடியே ஒற்றைத்துணி, மூன்றையும் ஊடுருவி நூல் ஓட வேண்டும். மேலிருக்கும் கை ஊசியைச் செலுத்தும். அடியில் இருக்கும் கை காத்திருக்கும். ஊசிமுனை அவ்விரலை முள்போல் தொட்டவுடன், வந்துவிட்டது என்றறிந்து அவ்விரல் அதை மேலே திருப்பியனுப்பும். தைப்பவரின் திறமெல்லாம் காணப்படாத அக்கையில்தான் இருக்கிறது. இவளுடைய அடிக்கையோ வாயிலில் அமர்த்தப்பட்ட செவிட்டுக் காவலன். ஒவ்வொரு தையலுக்கும் துணியைப் புரட்டிப் பார்த்து, ஊசி எங்கே வந்திருக்கிறதெனக் கண்ணால் தேட வேண்டியிருந்தது. வெள்ளைத்துணியில் செம்புள்ளி தோன்றியபின்பே விரலில் குத்தியிருப்பது தெரியவந்தது.

"கொசு இப்போ தன்னையே கடிச்சுக்குது" என்று நாத்தனார் நகைத்தாள். நகைத்துக்கொண்டே அவ்விரலைத் துடைத்தும்விட்டாள்.

மருந்தென்று தொடங்கிய வேலை எந்நாளில் மகிழ்ச்சியாயிற்று என்பதை அவளாலும் சொல்ல இயலாது. எவளோ ஒருத்தியின் கழுத்துக்காக வெட்டி நீக்கிய பிறைத்துண்டு, எவனோ ஒருவனின் அக்குளுக்குப் பொருந்தாமல் நின்ற முக்கோணம், பள்ளிச் சீருடையின் நீலம், சாளரத்திரையின் மஞ்சள் பூ என மாந்தர் எவரும் உடுத்தாத பகுதிகளே அச்சாக்கில் நிறைந்திருந்தன. உடலுக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட அவற்றை அவள் கட்டிலின்மேல் பரப்பினாள். ஒன்றன் அருகே ஒன்றை வைத்தாள், பிரித்தாள், மீண்டும் வைத்தாள்; தனித்திருக்கையில் அழுக்குபோல் தோன்றிய பழுப்பு, நீலத்தின் பக்கத்தில் வந்தமர்ந்ததும் ஈரமண்ணாய் மலர்வதைக் கண்டாள். கண்டபோது அவளுள் ஏதோ ஒன்று, நெடுநாள் பூட்டிய வீட்டில் எவரோ விளக்கேற்றியதுபோல் அசைந்தது. சோறு ஆறியது, அவள் அறியவில்லை. கணவன் வந்து நின்றான், அவள் நிமிரவில்லை. நீரேற்று நிலையத்தில் பொறிகளோடு பழகிப் பேச்சையே சுருக்கிக்கொண்ட அம்மனிதன், மனைவியின் முகத்தில் பல திங்களாகக் காணாத ஒன்றைக் கண்டு, அதைக் கலைக்க அஞ்சி, காலணியைக் கையிலெடுத்துக்கொண்டு ஓசையின்றி வெளியேறினான்.

அத்துடன் அவள் நின்றிருந்தால் நன்று. ஆனால் நெஞ்சம் உவகையைத் தனியே விட்டுவைப்பதில்லை; அதன் கையில் ஓர் எதிர்பார்ப்பைக் கொடுத்து எங்கேனும் ஏவுகிறது. ஊசி துணியைத் துளைக்கும் சிற்றொலியும், நூல் இழுபடும்போது முன்கையில் எழும் மெல்லிய ஈர்ப்பும் நாளடைவில் அவளுக்குப் பழகிவிட்டன. அவை இரண்டையும் கூட்டி மனம் ஒரு பொய்யைப் புனைந்தது. ஒருநாள் துணியைப் புரட்டாமலே பத்துப் பன்னிரண்டு தையல்கள் நேராக ஓடியதைக் கண்டு அவள் கூவிவிட்டாள்.

"அண்ணி! தெரியுது! ஊசி முனை தெரியுது!"

"நெசமாவா?"

"சும்மா சொல்வேனா? புரட்டிக்கூடப் பாக்கலை. வந்து வந்து முட்டுது அண்ணி!"

எதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கும் நாத்தனார் அன்று குத்தவில்லை. கழுத்தில் தொங்கிய அளவுநாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போர்வைய முடி முதல்ல" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே கணவன் ஆய்வுக்கூடத்துக்குச் செய்தி கொண்டுபோனான்.

அதன்பிறகு அவள் பார்த்துத் தைக்கவில்லை. சாளரத்துக்கு வெளியே நோக்கியபடியும், நாத்தனாரோடு பேசியபடியும், தன் விரலை நம்பி, இழந்த நாட்டுக்குத் திரும்பும் அரசியைப்போல் விரைந்து தைத்தாள்.

செய்தி கேட்ட ஆய்வுக்கூடத்துத் தலைவி, அவள் கட்டிலில் அமர்ந்து நாத்தனாரோடு பேசியபடி தைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், தானே படியேறி வந்தாள். மூச்சிரைக்க வாயிலில் நின்று, முகமெல்லாம் மலர, "என்ன கொசு, பறக்க ஆரம்பிச்சுட்டியாமே?" என்றாள். "உன் இடத்துல ஒருத்திய வெச்சிருக்கேன். அவ குத்துற குத்துல ஆளுங்க பாதிப்பேரு அடுத்த தெருவுக்கு ஓடிட்டாங்க. நாளைக்கே வந்துடு தாயே."

"வர்றேன் மேடம். முதல்ல உக்காருங்க" என்று அவள் களிப்போடு எழுந்தாள்.

எழுந்தவளோடு போர்வையும் எழுந்தது. போர்வையோடு கட்டில்விரிப்பும் எழுந்தது. தலையணை உருண்டு விழ, விரிப்பின்மேலிருந்த கத்தரியும் நூற்கண்டும் தரையில் சிதற, அவள் இரண்டடி நடந்து நின்றாள். உடுத்தியிருந்த ஆடையின் முன்பகுதியும், படுக்கையின் விரிப்பும், போர்வையும் ஒன்றாக, நெருங்கிய தையல்களால், மிக நேர்த்தியாக இணைக்கப்பட்டிருந்தன.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! கட்டிலோட சேத்துல்ல தைச்சு வெச்சிருக்கே! வேலைக்குப் போறப்ப கட்டிலையும் இழுத்துட்டுப் போவியா? பஸ்ல ரெண்டு டிக்கெட் கேப்பானே!"

தலைவியும் சிரித்தாள். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. அதைக் கண்டு தலைவியின் சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் கடைசியாக நாத்தனாரின் சிரிப்பு, தனியே விடப்பட்டதை உணர்ந்து, பாதியில் அறுந்தது. அடியில் இருந்த கையின்மேல் எத்தனை துணி கிடந்தது என்பதைக்கூட அக்கை அறிந்திருக்கவில்லை. விரிப்புக்கும் அடியில், தன் ஆடைக்கும் அடியில் கிடந்துகொண்டு, அது எதையும் உணராமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தது.

அவள் மீண்டும் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து தலைவியின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், கையக் குடுங்க."

"இப்ப எதுக்குமா அதெல்லாம்..."

"குடுங்க மேடம்."

தலைவி அருகில் அமர்ந்து கையை நீட்டினாள். அவள் கண்களை மூடினாள். பழகிய வழியில் விரல் நகர்ந்தது, நின்றது, அழுத்தியது.

"இங்கதானே?"

"அதேதான். சரியாத்தான் புடிச்சிருக்கே" என்றாள் தலைவி.

அக்குரலை அவள் அறிவாள். அஞ்சி நடுங்கும் நோயாளிகளிடம் 'இதோ முடிஞ்சுடுச்சு' என்று அவளே எண்ணற்ற முறை கூறிய அதே குரல். அன்பின் மிகுதியால் உண்மையை விட்டு விலகி நிற்கும் குரல். கண்களைத் திறந்தாள். அவளுடைய விரல் நாளத்தின்மேல் இல்லை, தோலின்மேலும் இல்லை. மடித்துவிடப்பட்ட சட்டைக்கையின் துணிமேல் இருந்தது.

"வேற ஆளு பாத்துக்கோங்க மேடம்."

"அவசரப்படாதே. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்..."

"வேண்டாம். நான் தேடித் தேடிக் குத்துவேன். அவங்களுக்கு வலிக்கும், எனக்குத் தெரியாது. அப்படி ஒரு பொழப்பு வேண்டாம் மேடம்."

தலைவி எழுந்து வெளியேறினாள். இறங்கிச் சென்ற அவளுடைய காலடிகள், ஏறிவந்ததைவிட மெதுவாகக் கேட்டன. சற்றைக்கெல்லாம், தலைவி அழைக்க வருவதை மட்டும் அறிந்திருந்த கணவன் ஒரு பை நிறையப் பழங்களோடு உள்ளே நுழைந்து, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நான் கொண்டுபோய் விடட்டா?" என்று, அவனுக்கு நெடும்பேச்சு என்னத்தக்க அளவு பேசினான். கீழே குனிந்து தன் ஆடையிலிருந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவியை அவன் பார்த்தான். தமக்கையைப் பார்த்தான்.

"நீ போய்க் கைகால் கழுவிட்டு வாடா" என்றாள் தமக்கை.

அதன்பின் வந்த நாள்களை விரித்துரைப்பதால் பயனில்லை. நல்லுள்ளம் படைத்தீர், ஒரு மரம் பட்டுப்போவதை எவரும் நிகழ்ச்சியாகச் சொல்வதில்லை. ஒருநாள் அது பட்டுப்போயிருக்கக் காண்கிறோம். உண்டாள், உறங்கினாள், கேட்டதற்கு விடை சொன்னாள். போர்வை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. நாத்தனார் வந்து, தையல் பிரிக்கும் சிறு கத்தியோடு தரையில் அமர்ந்து, விரிப்பைப் போர்வையினின்று பிரிக்கத் தொடங்கினாள்.

"தூக்கி எறிஞ்சிடுங்க அண்ணி."

"எறிஞ்சா விரல் வந்துடுமா?"

"தைச்சா மட்டும் வந்துடுமா?"

நாத்தனாரின் கை நின்றது. எதையோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, "வராதுன்னுதான் நினைக்கிறேன்டி" என்றாள். அவ்வீட்டில் எவரும் அதுவரை சொல்லத் துணியாத சொல் அது. கேட்டவள் அழவில்லை. சொன்னவள் அழுதாள், அழுதுகொண்டே எஞ்சிய தையல்களையும் பிரித்து முடித்து, போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

மறுநாள் நண்பகலில், அறையைத் துப்புரவாக்கி எல்லாவற்றையும் வெளியேற்றிவிடும் எண்ணத்தோடு அவள் சாக்கை எடுத்துத் துண்டுகளை அள்ளி அதனுள் திணித்தாள். திணிக்கையில் இரண்டு துண்டுகள் நழுவி விழுந்தன: ஒன்று அடுப்புச் சாம்பலின் நிறம், மற்றது எலுமிச்சைத் தோலின் மஞ்சள். விழுந்த இடத்தில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. சாம்பலின் பக்கத்தில் மஞ்சள் எரிந்தது. மஞ்சளின் பக்கத்தில் சாம்பல் ஆறியது. அவளுடைய நெஞ்சு, அவளைக் கேளாமலே, களித்தது.

அவள் திடுக்கிட்டாள். பிணம் கிடக்கும் வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டவளைப்போல் நாணி, அறையைச் சுற்றிப் பார்த்தாள். விரலுக்காக அன்றோ தைத்தேன், விரல் இல்லையென்று ஆனபின்னும் நீ ஏன் வந்தாய் என்று அக்களிப்பின்மேல் சினந்தாள். அது விடையிறுக்கவில்லை. அதற்கு அவளுடைய விரலும் தெரியாது, வேலையும் தெரியாது. அந்த இரண்டு நிறங்களைத் தவிர உலகில் எதுவும் அதற்குத் தெரியாது.

மகிழ்ச்சியை நம்பிக்கையின் மகவென்று நாம் எண்ணுகிறோம். தாய் போனபின் சேய் பிழைக்காதென்றும் எண்ணுகிறோம். இரண்டுக்கும் உறவே இல்லை போலும். ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. மற்றொன்று, போனதை அறியாமலே, மூலையில் அமர்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. அதை மடியில் எடுத்துக்கொள்வதால் போனது திரும்புவதில்லை. துயர் ஓர் அணுவும் குறைவதில்லை. குறையவில்லை என்பதை அவள் தெளிவாகவே அறிந்தாள். அறிந்தபடியே, இழப்பின் முழுப் பாரமும் நெஞ்சில் இருந்த இடத்திலேயே இருக்க, அவள் தரையில் அமர்ந்து, அவ்விரு துண்டுகளையும் விளிம்போடு விளிம்பு பொருத்தி, கண்ணால் பார்த்துப் பார்த்து, மெல்லத் தைக்கத் தொடங்கினாள்.