மைக்கில் சொன்ன வார்த்தை

இடைவேளைக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ஷாரோன் பாடிப் போய், ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். அணித்தலைவி கல்பனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மாகறல் அணியைவிட ஐந்து பாயிண்ட் முன்னால். திருவிழாக் கபடிக் கோப்பை இந்த வருஷம் வெளியூருக்குப் போகாது என்று எல்லோரும் நம்பிய நேரம்.

அப்போது மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த ஜெகன் சிரித்தார்.

"அவளைப் புடிக்க ஒருத்தியும் கிட்ட போவல, பாத்தீங்களா? தொட்டா தீட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிகீது!"

ஊர்ப்பக்கம் நின்ற கூட்டம் சிரித்தது. காலனிப் பக்கத்தில் ஷாரோனின் அம்மா ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெகன் கல்பனாவுக்குச் சொந்தச் சித்தப்பா. அவர் பக்கத்தில் விழாக் கமிட்டித் தலைவராக உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா ராஜாராம்.

நடுவர் விசில் ஊதினார். ஷாரோன் நகரவில்லை.

"நான் ஆட மாட்டேன் சார். அதே மைக்கில மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க."  அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"இன்னா மன்னிப்பு? தமாசுக்குச் சொன்னது," என்றார் ஜெகன்.

ராஜாராம் மகளைப் பார்த்தார். "அவளை வெளிய அனுப்பிட்டு வேற ஆளை எறக்கு, கல்பனா."

அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவள் அவள்.  மெல்ல நடந்து போய் ஷாரோன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"எறக்க மாட்டேன் நைனா. நானும் ஆட மாட்டேன்."

மற்ற ஐந்து பேரில் மூவர் வந்து உட்கார்ந்தார்கள். இருவர் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். நடுவர் ஐந்து நிமிடம் பார்த்தார். மாகறல் ஜெயித்ததாக அறிவித்தார். அந்த அணியின் தலைவி திலகா கோப்பையை வாங்கிக்கொண்டு ஷாரோன் முன்னால் வந்து நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஷாரோன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். எங்க ஆளுங்க மட்டும் சாட்சி சொன்னா எடுபடாது. நீ வந்தா நல்லாருக்கும். வரலன்னாலும் போவேன்."

மண்ணில் உட்கார்ந்தது வேறு, சித்தப்பாவுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவது வேறு. கல்பனா அப்பா இருந்த பக்கம் திரும்பாமல் தன் ஸ்கூட்டியை எடுத்தாள்.

"ஏறு. அம்மா, நீங்களும் ஏறுங்க," என்று ஜெயம்மாளையும் கூப்பிட்டாள்.

காவல் நிலையத்தில் எழுத்தர் கல்பனாவைத்தான் கேட்டார். "அவர் சொன்னதை அப்படியே சொல்லும்மா."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்தும் வர வேண்டும் என்று கல்பனா நினைத்திருக்கவில்லை. ஷாரோனைப் பார்த்தாள். ஷாரோன், சொல் என்பதுபோல் தலையசைத்தாள். கல்பனா முழுதாகச் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே, "போன வருஷமும் இதே மாதிரி பேசினாரு சார். அப்ப நானும் சிரிச்சேன். அதையும் எழுதிக்கோங்க," என்றாள்.

"அது வழக்குக்கு வேணாம்மா."

"வழக்குக்கு வேணாம்," என்றாள் ஷாரோன். "எனக்கு வேணும்." அவள் கண் கலங்கியிருந்தது.

வழக்குப் பதிவானது. ஜெகன் ஜாமீனில் வந்து ஊரில்தான் திரிகிறார். ராஜாராம் வீட்டு நிலத்தில் வேலை செய்துவந்த ஜெயம்மாளை இப்போது யாரும் அங்கே கூப்பிடுவதில்லை. உத்திரமேரூருக்கு டவுன் பஸ் ஏறிக் கட்டட வேலைக்குப் போகிறாள். ராஜாராம் மகளைத் துரத்தவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்.

அணியில் ஐந்து பேர்தான் மிச்சம். இப்போது காலனி சர்ச்சுக்குப் பின்னால் பயிற்சி. தலைவி ஷாரோன், அவளை முன்மொழிந்தவள் கல்பனா. முதல் நாள் ஊர் முழுக்க முறைத்துப் பார்க்க வண்டி ஓட்டிக்கொண்டு கல்பனா வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால்.

"கால் மணி லேட்டு," என்றாள் ஷாரோன். "நாலு ரவுண்டு ஓடு."

கல்பனா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள்.