இரண்டாவது பட்டன்

ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு பாதி மாணவர்கள் உள்ளே இருந்தார்கள். மீதிப் பேர் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களோடு ஆசிரியையும் சுவரைப் பார்த்துத்தான் நின்றாள். இயந்திரத்தில் எதைக் கெடுக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியக் கூடாது. அவளே போட்ட விதி அது.

"மேடம், திரும்பாதீங்க. கதவு இடுக்குல தெரியுது," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நான் எங்கப்பா திரும்பினேன்? நீதான் ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டுற."

திங்கட்கிழமைதோறும் இப்படித்தான். ஒரு குழு பழுதை ஒளித்து வைக்கும். இன்னொரு குழு தேடும். மேசை அகலத்துக்கு ஒரு பலகை. அதன் மேல் சிறிய மோட்டாரும், அது இழுக்கும் ரப்பர் பட்டையும், வயர்கள் அடங்கிய இரும்புப் பெட்டியும். பழைய சாமான் கடைகளில் அலைந்து வாங்கிய பாகங்களை வைத்து ஆசிரியையே பூட்டியது. முன்னால் மாணவர்களுக்கு ஒரு ஸ்டார்ட் பட்டன். பின்பக்கம் இன்னொன்று, அவர்களுக்கு எதிரே நின்று அவள் அமுக்குவதற்கு.

கதவு திறந்தது. அன்றைய பழுது லேசில் பிடிபடவில்லை. அவள் மீட்டரை வைத்துப் பார்த்தாள், பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், கடைசியில் நிமிர்ந்தாள்.

"எனக்கும் தெரியலை. அடுத்து எதைப் பாக்கலாம், சொல்லுங்க."

வருஷம் பூராவும் வாயே திறக்காத ஒரு பெண் பின்னாலிருந்து வந்து, ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் ரப்பர் போல நீண்டது. உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தது. ஒளித்து வைத்த குழு 'ஐயோ' என்று தலையில் கைவைத்தது. ஆய்வக உதவியாளர் கதவருகே நின்று சிரித்தார். "ஒரு வாரமாச்சும் இது முழுசா இருக்க விடுறீங்களா மேடம்?"

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் அவளுடைய விண்ணப்பம் இருந்தது. தொழில்நுட்பக் கல்வியில் சிறந்த கற்பித்தல் புதுமைக்கான விருது. விருதுக்காக என்பதைவிட, அறிவிப்பின் அடியிலிருந்த ஒரு வரிக்காகத்தான் அவள் விண்ணப்பித்திருந்தாள். விருது பெறுகிறவர்களுக்கு விரும்பிய ஊருக்கு மாற்றல் கிடைக்கும். அவளுடைய கணவனும் நாலு வயது மகளும் ஓர் இரவு ரயில் பயண தூரத்தில் இருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா துறைக்கு ஒரு பேருதான் அனுப்ப முடியும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இது கடைசி வருஷம். இத்தனை வருஷத்துல ஒரு மேடை ஏறினதில்லை. வீட்டுல அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கு வயசு இருக்கும்மா."

"சார், எனக்கு மாற்றல்..."

"அடுத்த வருஷம் வர்றவர்கிட்ட நானே சொல்லிட்டுப் போறேன். எழுதினது அப்படியே இருக்கட்டும். பேரு மட்டும்தான். உங்க பேரு 'உதவி'ன்னு கீழே வரும்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மனைவியிடம் சொல்லிக் கஞ்சி கொடுத்தனுப்பியவர். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த விண்ணப்பமும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. அவள் விண்ணப்பத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அறைக்கு வந்து ஒற்றைத் தட்டைக் கழுவினாள். ஸ்டவ்வைப் பற்றவைப்பதற்குள் கணவன் கூப்பிட்டான்.

"என்ன மேடம், எங்க ஊருக்கு எப்ப வர்றீங்க? உங்க பொண்ணு தினம் என்கிட்ட சண்டை. நான் சடை போட்டா வயர் முறுக்கின மாதிரி இருக்காம்."

"அவகிட்ட குடுங்க."

போனுக்குள் குசுகுசுவென்று பேச்சு. யாரோ ஓடும் சத்தம். "வர மாட்டேங்கிறா. விளையாடுறா," என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோவிச்சுக்காத. போன்னா அழுகை வருதாம் அவளுக்கு."

விண்ணப்பத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை; குரலிலேயே தெரிந்துகொண்டிருப்பான். சமைக்கத் தோன்றவில்லை. ஈரத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

விருதுக்கான தேர்வுக் குழு பார்வையிட வருவதற்கு முன்னால் துறைத் தலைவர் ஆய்வகத்துக்கு வந்தார். "பழுது என்னன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்கம்மா. அவங்க முன்னாடி நீங்க தெரியலைன்னு நின்னா நல்லாவா இருக்கும்?"

அவளே மாணவர்களிடம் சொல்லிக் கொடுத்தாள், பெட்டிக்குள் எந்த வயர் கழன்றிருக்கும் என்று. அந்த வயர் இல்லாவிட்டால் பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் மோட்டார் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். குழு வந்தபோது, அந்த வாயே திறக்காத பெண், யோசிப்பது போல் நெற்றியைச் சொறிந்து, ஒத்திகையில் சொன்னபடியே அதைக் கண்டுபிடித்தாள். தேர்வுக் குழுவினர் கை தட்டினார்கள். தேடியவர்கள் முகத்தில் மட்டும் திங்கட்கிழமைச் சிரிப்பைக் காணவில்லை.

துறைத் தலைவர் பேருக்கு விருது வந்தது. விழா இன்னொரு கல்லூரியின் பெரிய அரங்கில். இயந்திரமும் மேடையில் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேனில் ஏற்றி, மேடையில் ஒரு நீள மேசை போட்டு, முன்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டு அதை வைத்தார்கள். முன்வரிசையில் துறைத் தலைவரின் மனைவி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க முன் பட்டனை அமுக்கினாள். பட்டை நகர்ந்தது. விரலை எடுத்தாள். நின்றது.

மறுபடி அமுக்கினாள். ஓடியது. எடுத்தாள். நின்றது.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று உதவியாளரிடம் கேட்டாள்.

"திங்க." அவர் வாயில் கை வைத்தார். "அடப்பாவிகளா! வேன்ல ஏத்தும்போதே பசங்க சிரிச்சாங்க மேடம். மேடை மேல நீங்கதான் நிப்பீங்கன்னு நெனச்சிருக்காங்க. மேடம் எல்லார் முன்னாடியும் தேடட்டும், அப்பத்தான் நம்ம கிளாஸ் எப்படின்னு புரியும்னு ஒருத்தன் சொன்னான். நான் வெளையாட்டுன்னு விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கரித்தது.

"பெட்டியைத் தொறந்தா மாட்டிடலாம். ஸ்க்ரூடிரைவர் எங்க?"

"வாசல்ல செக்யூரிட்டி வாங்கி வெச்சுக்கிட்டான்."

அவர் வாசலை நோக்கி ஓடினார். அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்து, அரங்கம் எழுந்து நின்றது. சிறப்பு விருந்தினர் மேடை ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே துறைத் தலைவர், புதுச் சட்டையின் காலர் விறைப்பாக நிற்க. இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு அவளை. உதடு மட்டும் அசைந்தது. "ஓடலையாம்மா?"

"ஓடும் சார்," என்றாள்.

மேசைக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். துணியும் மேசையும் அவளை மறைத்தன. கையை மேலே நீட்டித் தடவி, பின்பக்கத்துப் பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கிப் பிடித்தாள். தலைக்கு மேலே மோட்டார் முனகியது. பட்டை நகரத் தொடங்கியது. அரங்கத்திலிருந்து ஒரு சின்ன ஆரவாரம்.

ஒலிபெருக்கியில் ஒரு குரல் வாசித்தது: "ஆசிரியரும் மாணவரோடு நின்று தேடுவதே இம்முறையின் உயிர்நாடி..." அவள் எழுதிய வாக்கியம். ஒரு கமா கூட மாறவில்லை. 'உதவி' என்ற இடம் வரும் என்று காத்திருந்தாள். வாசித்தவர் அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டார்.

கைதட்டல் பெரிதாக எழுந்தது. மேசைத் துணியின் கீழ் விளிம்பில் கேமரா வெளிச்சம் பளிச்சிட்டுப் பளிச்சிட்டு அணைந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் பையை விலக்கிப் பார்த்தாள். திரையில் மகளின் படம், கோணல் சடை. இந்த நேரத்தில் கணவன் கூப்பிட மாட்டான். மகளாகத்தான் போனை எடுத்திருக்க வேண்டும்.

"இன்னும் ஒரு போட்டோ, எல்லாரும் இங்க பாருங்க!" என்றார் யாரோ.

உயர்த்திய கை மரத்துக்கொண்டு வந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து தரையில் சற்றே நகர்ந்தது. பிறகு நின்றது. தலைக்கு மேலே பட்டை ஓடிக்கொண்டிருந்தது.