செங்கல்பட்டு ஜங்ஷனில் பெண் பார்த்த கதை

எழுபத்திரண்டில் என்னைப் பெண் பார்த்தது செங்கல்பட்டு ஜங்ஷனில். பிள்ளை வீடு மாம்பலம், நாங்கள் மயிலாப்பூர். நடுவில் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் எங்கள் தெருவில் பிள்ளை வீட்டார் படியிறங்கும்போதே, "இதுவும் தட்டிப்போச்சாமே" என்று எதிர்வீட்டார் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். ஏழு தடவை வந்தாயிற்று. எட்டாவதை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்வோம் என்றார் அப்பா. பிள்ளை ஸ்ரீரங்கன் ஞாயிற்றுக்கிழமையானால் செங்கல்பட்டில்தான் இருப்பாராம், ரயில் பார்க்க.

"ரயில்வேல உத்தியோகமா?" என்று தரகரிடம் கேட்டார் அப்பா.

"இல்லை, இன்ஷூரன்ஸ்."

அப்பா மேலே கேட்கவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. மேலே கேட்கிற நிலையில் அவர் இல்லை.

மாம்பலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் ஏறினோம். நல்ல நேரத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளக் கூடாது. அதனால் பிள்ளையின் அம்மா சூடாமணி மாமி தலையைத் திருப்பிக்கொண்டாள், நாங்களும் திருப்பிக்கொண்டு வேறு பெட்டியில் உட்கார்ந்தோம். செங்கல்பட்டில் இறங்கி, "அடடே, நீங்களா!" என்று பரஸ்பரம் ஆச்சரியப்பட்டோம்.

ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது:

"தூணுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கோ. தலைப்பைச் சொருகிக்கோங்கோ. இப்ப வர கூட்ஸ் நிக்காது, காத்து இழுக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக இவ்வளவு தூரம் வந்தது தூணோடு நிற்கவா? நின்றேன். அவர் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் போச்சு என்று எனக்கு நானே துக்கம் விசாரித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ரயில் சத்தம் என்றாலே தலைவலி. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். "எனக்கும் ரயில்னா உசிரு!" என்று சொல்லிக்கொண்டே பிளாட்பார ஓரத்துக்குப் போய்க் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தது தெற்கே. கூட்ஸ் வந்தது வடக்கேயிருந்து.

ஸ்ரீரங்கன் ஒரே பாய்ச்சலில் போய், கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தார். அகப்பட்டது வேஷ்டி. அன்றைக்கென்றே வாங்கிய புது வேஷ்டி. புது வேஷ்டி இடுப்பில் நிற்காது. முதலில் வேஷ்டி வந்தது, பிறகு அப்பா வந்து விழுந்தார். நீலக் கோடு போட்ட டிராயரோடு அவர் உட்கார்ந்திருக்க, கூட்ஸ் முழுவதும் கடந்து போயிற்று. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். சூடாமணி மாமி இந்தத் தடவை நிஜமாகவே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கன் வேஷ்டியை உதறி இரண்டு கையாலும் நீட்டினார். "அடி பட்டுதா மாமா?"

அப்பா அதை வாங்கிக் கட்டிக்கொண்டு, தள்ளியிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் கூடவே போனேன்.

"இந்த இடம் வேண்டாம்டி. ஏழு பேர்கிட்ட தலை குனிஞ்சேன். இங்க மானமே போயிடுத்து. நாளைக்குச் சம்பந்தின்னு இவா எதிர்ல எப்படி உக்காருவேன்?"

கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"உன்னை அவன் சரியாப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பாட்டுப் பாடச் சொன்னானா?"

"ஏழு பேருக்குப் பாடியாச்சுப்பா. அவாள்ளாம் என்னைத்தான் பார்த்தா. பக்கத்துல நீங்க கையைக் கட்டிண்டு நின்னேளே, அது யார் கண்ணுலயும் படலை. இவர் ரயிலை விட்டுட்டு உங்களைப் பார்த்தார்."

அப்பா வேஷ்டி முடிச்சை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்துக் கட்டினார். பிறகு எழுந்தார்.

வழக்கப்படி பிள்ளை வீட்டார்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். போய்க் கடுதாசி போடுகிறோம் என்பார்கள். அப்பா காத்திருக்கவில்லை. நேரே சூடாமணி மாமியிடம் போனார்.

"எங்க சுந்தரவல்லிக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. உங்க அபிப்பிராயம் என்ன?"

தலையை நிமிர்த்திக்கொண்டுதான் கேட்டார்.