இடப்பக்கம் இழுக்கும் மூக்கு லாரி

1

தமிழ் கூறும் நல்லுலகிற்கு ஒரு முக்கிய அறிவிப்பு. அன்பு, அறம், மானுடம், பிரபஞ்சம் ஆகிய நான்கையும் ஒரே அமர்வில் விசாரித்து முடிக்கப்போகும் மகத்தான படைப்பு ஒன்று இந்த வரியில் தொடங்குகிறது. வாசகப் பெருமக்கள் முதுகை நிமிர்த்தி உட்காருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

உட்கார்ந்தாயிற்றா? நல்லது. கதை ஒரு லாரியின் முன்சக்கரத்தைப் பற்றியது.

இது பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழியில் என் ஸ்கூட்டர் பஞ்சராயிற்று. ட்யூப் ஒட்டுகிற நேரத்தில் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். இலக்கியக் கூட்டத்தில் யாராவது கேட்டால் "நெடுங்காலம் எனக்குள் கனன்றுகொண்டிருந்த கரு" என்று சொல்வதாக உத்தேசம்.

2

தொடக்க வரிகள், எழுதிய வரிசையில்:

"காற்றாலைகளின் வெண்சிறகுகள் யுகங்களின் மௌனத்தைச் சுழற்றிச் சுழற்றி—"

[வேண்டாம். காற்றாலைக்கு அடியில் நின்று பார்த்தவன் எவனும் மௌனம் என்று எழுதமாட்டான்.]

"எபிசன் ஒரு கனவு காண்பவன். அவனுடைய கனவில்—"

[தூங்குகிறவன் எல்லாரும் கனவு காண்பவன்தான்.]

"எபிசன் லாரியைத் தாழ்த்தினான்."

இது போதும். எபிசன் ஷார்ஜாவில் ஏசி மாட்டிக்கொண்டிருந்துவிட்டு மார்த்தாண்டம் திரும்பியவன். அவன் மாமனார் ஜான்ரோஸ் ஒருகாலத்தில் வாழைக்குலை ஏற்றிய மூக்கு லாரி*, நெய்யூரில் அவர் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. எபிசன் அதைக் கேட்டு வாங்கினான். பெயின்ட் அடித்தான். பின்னால் உயரமாகப் படுதாக்கூண்டு கட்டினான். பிறகு ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றி, வயிறு தரையைத் தடவுகிற அளவுக்கு வண்டியைக் கீழே இறக்கினான். ஷார்ஜாவில் ஓர் அரபி அப்படி ஒன்று வைத்திருந்தானாம். அந்த அரபியின் தெருவில் பஞ்சாயத்து போட்ட வேகத்தடை உண்டா என்று எபிசன் விசாரிக்கவில்லை. இங்கே ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் இறங்கி, இரண்டு பலகையை முன்னால் போட்டு, ஏறி, ஓட்டி, மறுபடி இறங்கி, பலகையைப் பொறுக்கி, அதைப் பின்னால்—

[இந்த வாக்கியம் முடிவதற்குள் நடந்து போகிறவர் தக்கலை சேர்ந்துவிடுவார்.]

* மூக்கு லாரி: டிரைவருக்கு முன்னால் இஞ்சின் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகை. விமர்சகர்கள் அந்த மூக்கைக் குறியீடாக வாசிக்க வேண்டாம். மூக்கு மூக்குதான்.

3

இனி சோகரசம். தாழ்த்திய நாளிலிருந்து லாரி இடப்பக்கம் இழுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் எபிசனையும் அவன் மனைவி ஷீஜாவையும் வாழைத்தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. ஷீஜாவின் நெற்றி முன்தகட்டில் இடித்தது. எபிசன் கதவைத் திறந்து குதித்து, வண்டியின் முன்பக்கத்துக்கு ஓடினான்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பம்பர் தப்பிச்சுட்டு!"

ஷீஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். சாலைக்கு ஏறி, ஆட்டோ பிடித்து, அப்பா வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை.

எபிசனுக்கு வீடு பிடிக்கவில்லை. காலையில் பழக்கத்தில் இரண்டு சாயா போட்டுவிட்டு, இரண்டையும் தானே குடித்து வயிற்றெரிச்சலோடு அலைந்தான். அவள் போனதற்கு அவன் யோசித்துக் கண்டுபிடித்த காரணம்: வீல் அலைன்மென்ட் சரியில்லை.

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவன் இவ்வளவு மண்டாக இருப்பானா? முந்தைய பிரதியில் "ஒனக்கு ஒண்ணும் ஆகல்லியே?" என்று அவனைக் கேட்க வைத்தேன். கேட்டதும் கதை செத்துவிட்டது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவதா, கதையைக் காப்பாற்றுவதா என்று வந்தபோது நான் எழுத்தாளனாகவே நடந்துகொண்டேன்.

4

கமருதீனின் கடை ஆரல்வாய்மொழியில் நெடுஞ்சாலை ஓரம். 'வாகன நேர்நிலை ஆய்வகம்' என்று போர்டு. உள்ளே கமருதீன் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

"எவ்வளவு நாளா இழுக்குது?"

"தாத்தினதுலேருந்து காக்கா."

"பிரேக் பிடிச்சா மட்டுமா, எப்பவுமா?"

"எப்பவும்."

"பாரம்பரியமா உண்டா?"

"மாமா ஓட்டும்போ நேராத்தான் போச்சு."

"அப்போ இது பரம்பரைச் சீக்கு இல்ல, நீ வரவழைச்ச சூக்கேடு மக்கா."

தமிழ்நாட்டிலேயே பெரியது என்று கமருதீன் சொல்லும் கம்ப்யூட்டர் மெஷின் அங்கே இருக்கிறது. அதன் மேடையில் ஏறும்போதே லாரியின் வயிறு தட்டி நின்றது. கம்ப்யூட்டரிலும் இப்படியொரு வண்டி இருப்பதாகத் தகவல் இல்லை. கமருதீன் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, ஒரு நைலான் கயிற்றை எடுத்துவந்தார்.

"கயிறா காக்கா?"

"கயிறு இல்லடே. இது அட்வான்ஸ் மெத்தடு."

சக்கரங்களை ஒட்டிக் கயிறு கட்டி அளந்தார். இடப்பக்க ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்பு ஆப்பு ஒன்றைச் செருகினார். நாகர்கோவிலைப் பார்த்து ஓட்டினார்கள், இழுத்தது. இன்னும் தடித்த ஆப்பு; கொஞ்சம் இழுத்தது. அதைவிடத் தடித்த ஆப்பு. எபிசன் போனில் வீடியோ ஓடவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். லாரி கோடு கிழித்த மாதிரி போயிற்று.

"பாத்தியா? வண்டியில்ல, வேத வசனம்! கோணவே கோணாது!" என்றார் கமருதீன்.

திரும்பி வரும்போது ஓட்டியவர் அவர். பேசிக்கொண்டே ஓட்டுவார், பேசும்போது எந்த வண்டியும் அவருக்கு நேராகத்தான் போகும்.

எபிசன் வீடியோவை ஷீஜாவுக்கு அனுப்பினான். "பாரு, கைய விட்டாலும் நேரா போவுது. கூப்பிட வரட்டா?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "வாங்க."

5

நெய்யூரில் ஷீஜா பையோடு வந்து ஏறினாள். நெற்றி வீக்கம் வடிந்து மஞ்சளாகத் தெரிந்தது. ஆடி மாதம், ஆனாலும் அங்கே ஓர் இலை அசையவில்லை. கருங்கல் ஊர் வருவதற்குச் சற்று முன்னால், எபிசன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கையை எடுத்தான்.

லாரி வலப்பக்கமாக நடுரோட்டுக்குப் போயிற்று. எதிரே வந்த மினிபஸ் டிரைவர் எபிசனின் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். எபிசன் ஒருவழியாக ஓரங்கட்டினான். ஷீஜா இறங்கி நின்றாள். அவன் போனைப் போட்டான்.

"காக்கா, இப்போ வலத்த இழுக்குது!"

"இருக்காதே... அங்க காத்து எப்படி?"

"காத்தே இல்ல."



"மக்கா, அப்போ நாம காத்துக்கும் சேத்து அலைன்மென்ட் பண்ணிட்டோம் போலுக்கே."

ஆரல்வாய்மொழியில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் கணவாய்க் காற்று வலப்பக்கமிருந்து படுதாக்கூண்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கேயே கடை போட்டுக் காலம் கழித்தவருக்கு அது காற்றாகவே தோன்றுவதில்லை. உலகம் அப்படித்தான் அடிக்கும் என்று நினைத்துவிட்டார்.

"இப்போ நான் என்ன செய்ய?"

"காத்துள்ள ரோடா பாத்துப் போ. இல்லேன்னா ஆப்ப—"

"இஞ்ச பாருங்க," என்றாள் ஷீஜா.

"பொறு ஏட்டி, காக்கா ஆப்பப் பத்திச் சொல்லுதாரு."

"வண்டிக்கு எங்கெல்லாம் நோவுதுன்னு கேட்டாச்சா?"

"கேட்டாச்சு. முன்னாடி இடப்பக்கம்தான்."

"வேற யாருக்காவது நோவுதான்னு கேட்டீங்களா?"

எபிசன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

6

முடிவுகள் கையிருப்பில் உள்ளன.

அ) அவன் அழுகிறான், அவள் மன்னிக்கிறாள், ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து ஆசீர்வதிக்கின்றன. [ஆடியில் ரப்பர் இலை உதிராது. மரத்தை மாற்றலாம், எபிசனை அழுகிறவனாக மாற்ற முடியாது.]

ஆ) வாழ்க்கையே ஓர் அலைன்மென்ட்தான் என்று இருவரும் ஒரே நேரத்தில் உணர்கிறார்கள். [பேராசிரியர்கள் கைதட்டுவார்கள். அதனாலேயே அடித்து நீக்கினேன்.]

இ) ஷீஜா ஸ்டியரிங்கைப் பிடிக்க, லாரி தானாகவே—

போதும். திறந்த வாயோடு ஒருவன் ரோட்டோரம் நிற்கிறான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எனக்கு அகப்படவில்லை, அவனுக்கும் அகப்படவில்லை. உங்களில் யாருக்காவது வீட்டில் சொல்லிப் பழக்கம் இருந்தால் தயவுசெய்து எடுத்துக்கொடுங்கள். நிதானமாக யோசியுங்கள், அவசரமில்லை.

நெய்யூர் பஸ் வந்தது. ஷீஜா ஏறிப் போய்விட்டாள்.