வாசல் நடுவில் ஒரு கோச்சியா

வீட்டு வாசலுக்கு முன்னால் கிடந்த பத்தடி மண்ணுக்கு அத்தான் குளிர்காலம் வரை கெடு வைத்திருந்தார். அதற்குள், அக்கா வீட்டோடு இருக்கும் மைத்துனன் அங்கே உருப்படியாக எதையாவது வளர்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சிமென்ட் பூசி ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். அவனுக்கோ அந்த மண் போனால் உயிரே போன மாதிரி. மொழிபெயர்ப்பு நாவல்களில் வருகிறவர்கள் தோட்டத்தில் உட்கார்ந்துதான் பெரிய விஷயங்களை யோசிக்கிறார்கள். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் யோசித்ததாக அவன் படித்ததில்லை.

விதைக்கடையில் கோச்சியா கேட்டான். "சக்கரவர்த்திக் கீரைக்குப் பங்காளி முறை தம்பி இது" என்றார் கடைக்காரர். "ஆனா சமைக்க இல்ல, பாக்கத்தான். பந்து மாதிரி உருண்டு வரும். குளிர் ஆரம்பிச்சா செக்கச்செவேல்னு ஆயிடும்."

பஸ்ஸில் வழியெல்லாம் விதை உறையின் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்பக்கம் திருப்பவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவன் வேலை. மருந்து டப்பாக்களின் பொடியெழுத்தோடு நாள் முழுக்க மாரடித்துவிட்டு வருகிறவன், சொந்தக் காசில் வாங்கியதையுமா படிப்பான்?

ஒரு விரல் ஆழத்துக்குக் குழி தோண்டி, விதைகளைப் பக்குவமாகப் படுக்கவைத்து மூடினான். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினான். காலியான உறையை நாவலில் அடையாளத்துக்குச் செருகினான். மூன்று வாரமாகியும் மண் வாயே திறக்கவில்லை.

"என்ன மாப்ளே, விதைச்சீங்களா, அடக்கம் பண்ணிட்டீங்களா?" என்றார் அத்தான்.

இதற்கிடையில் அக்கா, புத்தகத்துக்குள் என்னமோ நறநறக்கிறது என்று வாசற்படியில் நின்று அதை உதறிவிட்டு, உறையை இருந்த பக்கத்திலேயே திரும்பச் செருகியிருந்தாள். உறையில் ஒட்டியிருந்த மிச்ச விதைகள் அந்த மண்ணின் நடுவே போகும் நடைபாதையில் விழுந்து பத்துப் பன்னிரண்டாக முளைத்தன. அவன் களை என்று முடிவுகட்டி, அத்தான் மெச்சட்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒன்றே ஒன்று தப்பியது. இரக்கம் ஒன்றுமில்லை, முதுகு பிடித்துக்கொண்டது.

அந்த ஒன்று கிடுகிடுவென வளர்ந்து, இடுப்பு உயரத்துக்குப் பந்தாக நின்றது. படத்தில் இருந்ததேதான். உடனே அவன் பெற்ற தகப்பன் ஆகிவிட்டான். கத்தரிக்கோலால் நுனி வெட்டிவிட்டான், போகிற வருகிறவர்களிடம் வளர்ப்பு முறை சொன்னான். "நூறு வருஷம் நிக்கும் அத்தான்" என்று அளந்தும் வைத்தான்.

குளிர் தொடங்கியதும் செடி சிவந்தது. தெருவே நின்று பார்த்தது. அத்தான் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகப் பழகினார். "சரி மாப்ளே, இந்தச் செடி இருக்கிற வரைக்கும் சிமென்ட் பேச்சே இல்ல."

வெற்றியைக் கொண்டாட நாவலை எடுத்தான். ஐந்து மாதமாக அதே பக்கத்தில் உறை காத்திருந்தது. அப்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. விதையை மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு வருடச் செடி. பனி விழுந்தால் பட்டுப்போகும்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம், பட்டுப்போன பிறகு பனிமேல் பழி போடலாம். நாவலில் என்றால் இதற்கு இரண்டு அத்தியாயம் தவித்திருப்பார்கள். இவனுக்கு நெஞ்சில் அவ்வளவு தெம்பில்லை. ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த அத்தானிடம் நேராகப் போனான்.

"அத்தான், அது ஒரு வருஷச் செடியாம்."

"யார் சொன்னா?"

"உறையில போட்டிருக்கு."

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான்."

அத்தான் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஏய், இங்க வா! உன் தம்பி பிழை திருத்தின மருந்து எதுவும் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது!" வந்த அக்கா, அந்த உறை இருந்த புத்தகத்தைத் தான்தான் வாசற்படியில் உதறியதாகச் சொன்னாள்.

பனி விழுந்தது. செடி வைக்கோலானது. சொன்னபடி கொத்தனாரும் வந்து சேர்ந்தார். அவன் சன்னலோரம் நின்று, துக்கவீட்டுக்காரன் மாதிரி மணல் கொட்டுவதைப் பார்த்தான்.

"நடுவுல ரெண்டு முழம் விட்டுட்டுப் பூசுங்க" என்றது அத்தானின் குரல். "அடுத்த வருஷமும் செடி வரணும்."

"யாருங்க இதுக்குத் தோட்டக்காரர்? அளவு கேக்கணும்" என்றார் கொத்தனார்.

அத்தான் அக்காவைக் கைகாட்டினார்.