வெட்டியது போக மிச்சம்

வாரப் பத்திரிகைக்கு அவள் எழுதிய முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம். அச்சில் வந்தது இரண்டே வரி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். வேறு யாராக இருந்தாலும், போங்கடா நீங்களும் உங்கள் பத்திரிகையும் என்று பேனாவை மூடியிருப்பார்கள். இவளோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் சர்க்கரையையும் கொழுப்பையும் கணினியில் தட்டிக்கொண்டிருப்பவள். பொறுமைக்குப் பஞ்சமில்லை. தன்னிடமிருந்த நகலையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் எதையெல்லாம் வெட்டினாரோ அதையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துப் பார்த்தாள். அடித்தது முழுக்க வெறும் வளவளப்பு என்று அவளுக்கே தெரிந்தது.

பதினோரு வருஷம் அதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை தவறாமல் ஒரு கடிதம். எரியாத தெருவிளக்கு, நிற்காத பேருந்து, தொடர்கதை நாயகி வாரா வாரம் அநியாயத்துக்கு அழுவது, எதுவானாலும் சரி. போகப்போக ஆசிரியருக்கு வெட்ட வேலையே இல்லாமல் போயிற்று. அனுப்பும் முன்பே இவள் வெட்டிவிடுவாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் புருஷன் அவளுக்கு 'ஆசிரியருக்கு' என்றே பெயர் வைத்துவிட்டான். "என்ன ஆசிரியருக்கு, டீ கிடைக்குமா?" என்பான். அவள் எழுதியதில் ஒரு வரிகூட அவன் படித்ததில்லை.

இப்படிக் கை பழகியதெல்லாம் என்றைக்காவது ஒரு கதை எழுதத்தான். எந்தக் கதை என்பது போன வருஷம் அப்பா செத்தபோது முடிவாயிற்று.

அன்று காலை மருத்துவமனையில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய அப்பா, கீழ்த்தளத்தில் சக்கரக் கட்டிலில் நாற்பது நிமிஷம் கிடந்தார். அவளுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, எட்டு மணிக்கு டியூட்டி வேறு. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு வேலைக்கு நேரமாகலையா?" என்று கேட்டார் அப்பா.

"ஆச்சு. அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று எரிந்து விழுந்தாள்.

லிஃப்ட் வந்தது. அவளுடைய தம்பி அப்பாவோடு மேலே போனான். இவள் வேலைக்குப் போனாள். பத்தரைக்கு ஃபோன் வந்தது.

அந்த ஒரு பதிலை எங்காவது ஒப்புக்கொள்ளாமல் இனி நிம்மதி இல்லை என்று அவளுக்குப் பட்டது. வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. கதையாக எழுதினால், கதைதானே என்று படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள், பாரத்தை இறக்கி வைத்தது தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தாள். ஒன்பது பக்கம் எழுதினாள். நாலு மாதம் உட்கார்ந்து வெட்டினாள். ஒரே பக்கம் மிஞ்சியது. அவள் எரிந்து விழுந்த இடத்தோடு கதை முடிந்தது. தபாலில் போட்டாள்.

மூன்றாம் வாரம் வந்தது, வாசகர் கடிதம் பகுதியில். 'லிஃப்ட் பழுது: நிர்வாகம் கவனிக்குமா?' என்று தலைப்பு, கீழே ஐந்து வரி. நாற்பது நிமிஷம் இருந்தது, சக்கரக் கட்டில் இருந்தது. அப்பா கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

"நல்லா நறுக்குன்னு கேட்டிருக்கீங்கக்கா. இப்படி நாலு பேர் கேட்டாத்தான் அவங்களுக்கு உறைக்கும்" என்றாள், கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆசிரியரை நாலு கேள்வி கேட்பது என்ற முடிவோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்து நகலை எடுத்தாள். உச்சியில் 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு' என்று இருந்தது. அடியில் 'இப்படிக்கு, தங்கள் நீண்டநாள் வாசகி' என்று இருந்தது, கையெழுத்தோடு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? பதினோரு வருஷத்துக் கை, கேட்காமலே எழுதிவிட்டிருக்கிறது. கடிதம் என்று வந்ததைக் கடிதமாகப் போட்டவர்மேல் என்ன கோபப்படுவது? தன்மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆசிரியருக்கு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் புருஷன். அவள் நகலை நீட்டினாள். கைக் கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினான். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி மெதுவாகக் கடைசிவரை படித்தான். பிறகு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"மாமாகிட்ட இப்படியா சொன்னே?"

"ஆமா."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "சிரிச்சாரு. 'நீ கெளம்பும்மா. எனக்காக நிக்காத, நான் எங்க ஓடிடப் போறேன்'னாரு."

"இது இதுல இல்லையே. ஏன் எழுதல?"

"எழுதினேன்" என்றாள். "நீளமா இருக்குன்னு நானே வெட்டிட்டேன்."

அப்பா செத்ததற்கு அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.